சுவரை உடைக்காமல் இரண்டாவது ஷவர் பொருத்துவது எப்படி?

முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு அம்மா ஸ்டூலில் உட்கார்ந்துதான் குளிக்கிறார். மேலே இருக்கும் ஷவரைத் திறந்தால் தலையும் நனைந்துவிடும். அதை வைத்துக்கொண்டே கூட ஒரு ஹேண்ட் ஷவரும் வேண்டியிருந்தது. வந்து பார்த்த பிளம்பர், இரண்டு டைல்ஸை உடைத்துத் தனி லைன் எடுக்க வேண்டும் என்றார். எனக்கு மனசு வரவில்லை. பழைய ஷவருக்கும் அதைத் தாங்கும் பைப்புக்கும் நடுவில் மாட்டி, தண்ணீரை வேண்டிய ஷவருக்குத் திருப்பிவிடும் டைவர்ட்டர் ஒன்றை வாங்கி நானே மாட்டிவிட்டேன்.

முதலில் ஒரு வாளி தண்ணீர் பிடியுங்கள்

ஷவரை முழுசாகத் திறந்து, 20 லிட்டர் வாளி நிறைய எவ்வளவு நேரமாகிறது என்று பாருங்கள். எங்கள் வீட்டில் மூன்று நிமிடம், அதாவது நிமிடத்துக்கு ஏழு லிட்டர்கூட இல்லை. டேங்கின் அடிமட்டம் ஷவரைவிட ஆறேழு அடிதான் உயரம். 33 அடி உயரம் இருந்தால்தான் சுமார் 1 பார் அழுத்தம் கிடைக்கும். எங்களுக்குக் கிடைப்பது 0.2 பார். இதில் இரண்டு ஷவரையும் ஒன்றாகத் திறந்தால் இரண்டும் அழும். அதனால், ஒரு நேரத்தில் ஒன்றுக்கு மட்டும் தண்ணீர் விடும் டைவர்ட்டரே போதும். ஹோட்டலில் பார்த்த பெரிய 'மழை ஷவர்' ஆசையெல்லாம் பிரஷர் பம்ப் வைத்திருப்பவர்களுக்கு.

வாங்க வேண்டியவை

அரை அங்குல டைவர்ட்டர், ஹேண்ட் ஷவர், ஹோஸ், டெஃப்லான் டேப், இரண்டு ஸ்பேனர். டைவர்ட்டர் பித்தளையில் இருக்கட்டும். பிளாஸ்டிக் மேல் குரோம் பூசியதை இறுக்கினால் மரை போய்விடும். ஹோஸ் ஒன்றரை மீட்டர் வேண்டும். நான் முதலில் வாங்கிய ஒரு மீட்டர் ஹோஸ் ஸ்டூல் வரை இறங்கவே இல்லை.

கழற்றுவது

ஷவரின் குழாய்த் திருகை மூடினால் போதும், டேங்க் வால்வைத் தொட வேண்டியதில்லை. சுவரிலிருந்து நீளும் ஷவர் ஆர்மை ஒரு ஸ்பேனரால் அசையாமல் பிடித்துக்கொண்டு, இன்னொன்றால் பழைய ஷவரைத் திருப்புங்கள். பிடிக்காமல் திருப்பினால் ஆர்மும் சேர்ந்து சுழலும். சுவருக்குள் பைப் வளையும் இடத்தில் இருக்கும் எல்போ விரிசல் விட்டால், அந்த டைல்ஸை உடைத்தே ஆக வேண்டும். குரோமில் கீறல் விழாமலிருக்க, ஸ்பேனர் வாயில் பழைய துணியைச் சுற்றுங்கள். உப்புப் படிந்து இறுகியிருந்தால் வினிகரில் நனைத்த துணியை ஒரு மணி நேரம் கட்டிவையுங்கள்.

நான் சொதப்பிய இடம்

ஆர்மின் முனை உங்களைப் பார்த்திருக்க, கடிகார முள் போகும் பக்கமாக டெஃப்லான் டேப்பைச் சுற்ற வேண்டும். நான் பத்துச் சுற்று சுற்றி, டைவர்ட்டரை நன்றாக இறுக்கினேன். ஹோஸ் மாட்டும் வாய் பக்கவாட்டில் வராமல் சுவரைப் பார்த்து நின்றது. சரி, கால் சுற்றுதானே என்று பின்னால் திருப்பி நேராக்கினேன். பார்க்க அழகாக இருந்தது. ராத்திரி பத்து மணிக்குக் குளிக்கப் போனால், மரை வழியாகத் தண்ணீர் கசிந்து ஆர்மின் அடியில் வழிந்துகொண்டிருந்தது.

டேப் சுற்றிய மரையைப் பின்னால் திருப்பவே கூடாது. திருப்பினால் டேப் விலகி வழி விட்டுவிடும். முழுசாகக் கழற்றி, பழைய டேப்பைச் சுரண்டி எடுத்துவிட்டு, புதிதாக இரண்டு சுற்று கூடுதலாகச் சுற்றுங்கள். முன்னைவிடச் சீக்கிரமே இறுகும். அங்கிருந்து, வாய் சரியான பக்கம் வரும்வரை முன்னோக்கி மட்டும் திருப்புங்கள். எனக்கு மூன்றாவது தடவைதான் அமைந்தது. தனியாகச் சுழலும் நட் வைத்த டைவர்ட்டர் கடையில் கிடைத்தால் யோசிக்காமல் அதையே வாங்குங்கள், இந்தத் தலைவலியே கிடையாது.

ஹோஸுக்கு டேப் வேண்டாம். இரண்டு முனையிலும் ரப்பர் வாஷர் இருக்கிறதா என்று பார்த்து, கையாலேயே இறுக்கினால் போதும்.

ஹேண்ட் ஷவரை மாட்டும் கொக்கியை அம்மா உட்கார்ந்தபடி எடுக்கும் உயரத்தில் வைத்தேன். குழாய்த் திருகுக்கு நேர் மேலே சுவருக்குள் பைப் போகும், அங்கே டிரில் போடாதீர்கள். டைல்ஸைத் தாண்டும்வரை ஹாமர் மோடும் வேண்டாம். ஒட்டும் ரப்பர் கொக்கி ஒரு வாரத்தில் விழுந்துவிடும், காசு தண்டம்.

பின்சேர்க்கை: இதைப் பார்த்துச் செய்த இரண்டு பேர், பச்சைத் தண்ணீர்க் குழாயில் வெந்நீர் வருகிறது என்று எழுதியிருந்தார்கள். கைப்பிடியில் நிறுத்தும் பட்டன் உள்ள ஹேண்ட் ஷவராக இருக்கும். வெந்நீரையும் பச்சைத் தண்ணீரையும் கலந்து தரும் மிக்ஸரில் இரண்டு பக்கத்தையும் திறந்து வைத்துவிட்டுப் பட்டனால் மட்டும் நிறுத்தினால், இரண்டு லைனும் மிக்ஸருக்குள் கலந்துகொள்ளும். சோப்புப் போடும் நேரத்துக்குப் பரவாயில்லை. குளித்து முடித்ததும் மிக்ஸரை மூடுங்கள். இல்லாவிட்டால் ஹோஸும் ஓயாமல் அழுத்தத்தில் கிடந்து சீக்கிரம் வெடிக்கும்.