கழற்றும்போதே கெடுத்துவிடாதீர்கள்: ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் கருவிகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் வேலையில் அடிக்கடி பார்க்கிற ஒன்று, ஏற்கெனவே இருந்த பழுதைவிடப் பிரிக்கும்போது உண்டான சேதம் பெரிதாக இருப்பது. உள்ளே தேய்ந்தது நாலைந்து கிளட்ச் பிளேட் மட்டும்தான் இருக்கும், ஆனால் பம்ப் விளிம்பில் நெம்பிய தழும்பு, ஆயிலைக் கிளட்ச்சுகளுக்குப் பிரித்து அனுப்பும் வால்வு பாடியில் ஒரு கீறல், மரை போன இரண்டு துளைகள் என்று சேர்ந்துகொண்டு செலவை எங்கேயோ கொண்டுபோய் விட்டுவிடும். கேஸ், பம்ப், வால்வு பாடி எல்லாமே பெரும்பாலும் அலுமினியம். அதில் ஸ்டீல் ஸ்க்ரூ டிரைவரை விட்டு நெம்பினால் எது நசுங்கும் என்று சொல்லத் தேவையில்லை. தனிக் கருவிகள் இருப்பதே, தாங்கக்கூடிய இடத்தில் மட்டும் விசையைக் கொடுப்பதற்காகத்தான். இதைப் புரிந்துகொண்டால் கடையில் வாங்கியதானாலும் சரி, நீங்களே வெல்டிங் வைத்துச் செய்ததானாலும் சரி, எந்தக் கருவியையும் தப்பில்லாமல் பயன்படுத்தலாம்.

முதலில் இறக்குவது. சாதாரண கார் கியர்பாக்ஸ்கூட, இன்ஜின் சுழற்சியை ஆயில் வழியாகக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டரோடு சேர்த்தால் 70, 80 கிலோ சர்வசாதாரணமாக வரும். அதைச் சின்னத் தலை உள்ள சாதாரண ஜாக்கியில், நேராக ஆயில் பேன் மேல் முட்டுக்கொடுத்து இறக்குகிறார்கள். பெட்டி சாய்ந்து விழும் ஆபத்து ஒரு பக்கம் இருக்கட்டும், பேன் உள்பக்கம் ஒடுங்கிவிட்டால் ஃபில்டரின் வாய் அடைபட்டு, எல்லாம் மாட்டிய பிறகு பம்புக்கு ஆயில் போதாமல் வண்டி தடுமாறும், காரணம் யாருக்கும் லேசில் பிடிபடாது. சாய்த்துத் திருப்ப வசதியும் கட்டிவைக்கச் சங்கிலியோ பெல்ட்டோ உள்ள டிரான்ஸ்மிஷன் ஜாக்கிதான் இதற்குச் சரி. முன்சக்கர இழுவை வண்டி என்றால் இன்ஜினை மேலிருந்து தாங்கும் குறுக்குச் சட்டமும் வேண்டும், ஏனென்றால் கியர்பாக்ஸ் மவுண்ட்டைக் கழற்றியதும் இன்ஜின் ஒரு பக்கம் தொங்கிவிடும்.

கன்வெர்ட்டரை இன்ஜின் பக்கத்துத் தகடான ஃப்ளெக்ஸ் பிளேட்டோடு பிடித்திருக்கும் போல்ட்டுகளை ஸ்டார்ட்டர் துளை வழியாகவோ கீழே இருக்கும் சின்ன ஜன்னல் வழியாகவோ ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டும். அதற்கு இன்ஜின் சுற்றாமல் நிற்க வேண்டும் என்று அந்த பிளேட் விளிம்பில் இருக்கும் ரிங் கியர் பற்களுக்குள் ஸ்க்ரூ டிரைவரைச் செருகுகிறார்கள். பல் உடையும், இல்லையென்றால் ஸ்க்ரூ டிரைவர் நழுவிக் கை கிழியும். பற்களில் உட்காரும் லாக்கிங் கருவி பெரிய விஷயமே இல்லை, வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு போல்ட்டை மறந்துவிட்டுப் பெட்டியை இழுத்தால் ஃப்ளெக்ஸ் பிளேட் வளையும். எல்லா போல்ட்டும் எடுத்தாயிற்று என்றால் கன்வெர்ட்டர் பெட்டியோடு சேர்ந்தே வர வேண்டும், இன்ஜின் பக்கம் தங்கிவிடக் கூடாது. வந்ததும், கன்வெர்ட்டரைச் சுற்றியிருக்கும் கூடான பெல் ஹவுசிங் குறுக்கே ஒரு பட்டையை போல்ட் போட்டு முடுக்கி அதை நிறுத்திவையுங்கள், இல்லாவிட்டால் சாய்க்கும்போது நழுவி வந்து காலில் விழும்.

கூலர் பைப் நட்டுகளுக்குச் சாதாரண ஓப்பன் ஸ்பேனர் போட்டால் முனை உருண்டுவிடும். ஃப்ளேர் நட் ஸ்பேனரால் திருப்பி, இன்னொரு ஸ்பேனரால் ஃபிட்டிங்கைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

சரி, இப்போது பெட்டி மேஜையில். இங்கேதான் அதிகம் கெடுக்கிறார்கள், குறிப்பாக முன்பக்க ஆயில் பம்பை எடுக்கும்போது. சுற்றி இருக்கும் போல்ட்டுகளைக் கழற்றியும் பம்ப் அசையாது, ஏனென்றால் வெளிவிளிம்பில் இருக்கும் சீல் ரிங்கும் கேஸ்கெட்டும் அதைக் கவ்விப் பிடித்திருக்கும். உடனே ஒரு பக்கம் இரும்புப் பட்டையை விட்டு நெம்புவார்கள், பம்ப் கோணலாகி கேஸுக்குள் இன்னும் இறுக்கமாக மாட்டிக்கொள்ளும். பழைய மாடல்கள் பலவற்றில் பம்ப் முகத்தில் எதிரெதிராக இரண்டு மரைத் துளைகள் இதற்கென்றே விட்டிருப்பார்கள். இரண்டிலும் ஸ்லைட் ஹாமரை (கம்பியில் ஓடும் எடையைத் தட்டி இழுக்கும் கருவி) முழு மரையும் பிடிக்கும்வரை கையால் திருகி, இரண்டு எடைகளையும் ஒரே நேரத்தில் சின்னச் சின்னதாகத் தட்டி இழுத்தால் பம்ப் நேராக மேலே வரும். இரண்டு மூன்று மரை மட்டும் பிடித்த நிலையில் இழுத்தால் அலுமினிய மரை அப்படியே பிய்ந்துகொண்டு வந்துவிடும். துளை இல்லாத மாடல்களுக்கு நடுவில் நீட்டிக்கொண்டிருக்கும் ஸ்டேட்டர் ஷாஃப்ட்டைக் கவ்வி இழுக்கும் புல்லர் உண்டு. எதுவானாலும் இழுக்கும் முன் பம்பை வேறு ஏதாவது பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். ஜெனரல் மோட்டார்ஸின் (ஜிஎம்) 4எல்60-இ பெட்டியில் ஃபில்டரின் கழுத்து கீழிருந்து பம்புக்குள்ளேயே போய் உட்கார்ந்திருக்கும், பேனையும் ஃபில்டரையும் எடுக்காமல் பம்பை இழுத்துப் பயனில்லை.

இன்னொன்று, பம்பை எடுப்பதற்கு முன்பே டயல் கேஜ் வைத்து இன்புட் ஷாஃப்ட் முன்னும் பின்னும் எவ்வளவு ஆடுகிறது என்று அளந்து எழுதி வைத்துவிடுங்கள். பிரித்துப் போட்ட பிறகு அந்த அளவை எடுக்க வழியே இல்லை, எந்தத் தடிமன் வாஷர் போடுவது என்பது அதை வைத்துத்தான் முடிவாகும்.

கிளட்ச் டிரம்மில் ஸ்பிரிங்கைக் கழற்றுவது நிஜமாகவே ஆபத்தான வேலை. ரிட்டர்ன் ஸ்பிரிங்குகளை ஒரு தட்டு அமுக்கி வைத்திருக்கும், அந்தத் தட்டை, பள்ளத்தில் உட்காரும் வளையக் கிளிப்பான சர்க்ளிப் ஒன்று நிறுத்தி வைத்திருக்கும். இரண்டு ஜி கிளாம்ப் போட்டு இரண்டு பக்கமும் அமுக்கிச் சர்க்ளிப்பைக் கழற்றுகிறவர்கள் உண்டு, ஒரு கிளாம்ப் நழுவினால் ஸ்பிரிங் முகத்தை நோக்கித்தான் வரும். டிரம்மின் நடுத்துளை வழியாக நீளமான மரைக்கம்பியை விட்டு மேலும் கீழும் தட்டு வைத்து முடுக்கும் கம்ப்ரஸரோ, ஜன்னல் வெட்டிய குழாய்த் துண்டை வைத்து பிரஸ்ஸில் அமுக்குவதோ சுற்றிலும் சமமாக அமுக்கும். அதிலும் ஒரு தவறு நடக்கும்: தேவைக்கு மேல் அமுக்குவது. தட்டு சர்க்ளிப் பள்ளத்தை விட்டு இரண்டு மூன்று மில்லிமீட்டர் கீழே போனால் போதும், மேலும் அமுக்கினால் தட்டு வளையும். தளர்த்தும்போது தட்டின் விளிம்பு அந்தப் பள்ளத்திலேயே மாட்டிக்கொள்ளும், கையால் நடுவுக்குத் தள்ளிக்கொண்டே மெதுவாக விடுங்கள். பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் சர்க்ளிப் பக்கம் போகவே வேண்டாம்.

கழற்றிய சர்க்ளிப்புகளை ஒரே டப்பாவில் கொட்டிவிடுவதும் தப்பு. பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் கிளட்ச் இடைவெளியைச் சரிசெய்ய வெவ்வேறு தடிமனில் போட்டிருப்பார்கள், எது எந்த டிரம் என்று சீட்டு கட்டி வையுங்கள்.

அப்புறம் பிஸ்டன் சீல். உதடு மாதிரி இருக்கும் லிப் சீலை டிரம்முக்குள் இறக்கும்போது உதடு வெளிப்பக்கம் மடிந்துகொண்டால், மேலிருந்து பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் தெரியும், ஆனால் வண்டியில் அந்தக் கிளட்ச் பிடிக்கவே பிடிக்காது. இதற்குத் தேவை அரை மில்லிமீட்டர் பியானோ கம்பியை வளையமாக ஒரு குழாயில் செருகிய சின்னக் கருவி, அவ்வளவுதான், வீட்டிலேயே செய்யலாம். சீல் மேல் தாராளமாக ஆயிலோ வேசலினோ தடவி, பிஸ்டனை லேசாக அழுத்திக்கொண்டே கம்பி வளையத்தால் உதட்டைச் சுற்றிவர உள்ளே தள்ளிக்கொண்டு போனால், ஒரு கட்டத்தில் பிஸ்டன் தானாகக் கீழே இறங்கும். சுத்தியல் பிடியால் தட்டி இறக்காதீர்கள். டிரம் உள்ளே சர்க்ளிப் பள்ளத்தில் பிசிறு இருந்தால் முதலில் நைஸ் உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள், புது சீல் அதில் பட்டால் கிழியும். வெட்டு இல்லாத டெஃப்லான் ரிங்குகளைக் கையால் இழுத்து மாட்டினால் விரிந்தது விரிந்தபடியே நிற்கும், கூம்பு வடிவக் கருவி வழியாக ஏற்றி, பிறகு சைஸிங் குழாயைப் போட்டு அமுக்கிப் பழைய அளவுக்குக் கொண்டுவர வேண்டும்.

வேசலின் என்றதும் ஞாபகம் வருகிறது, சேஸிஸ் கிரீஸை உள்ளே எங்கேயும் பயன்படுத்த வேண்டாம். அது கியர்பாக்ஸ் ஆயிலில் கரையாமல் திரண்டு ஃபில்டரையும் சின்னத் துளைகளையும் அடைக்கும். நூல் பிரியும் வேஸ்ட் துணியும் அதே மாதிரிதான், ஒரு இழை போதும் வால்வு சிக்குவதற்கு.

வால்வு பாடியைப் பிரிக்கும்போது அதோடு ஒட்டியிருக்கும் செப்பரேட்டர் தட்டையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு திருப்புங்கள், இல்லாவிட்டால் சின்ன உருண்டைகளான செக் பால்கள் உருண்டுவிடும், எது எந்தக் குழியில் இருந்தது என்பது போட்டோ இல்லாமல் தெரியாது. சிக்கிய வால்வைக் கூரான ஸ்டீல் பிக்கால் குத்தி இழுக்காமல், வால்வு பாடியை மரக்கட்டை மேல் தட்டிப் பாருங்கள், ஆயிலில் ஊறவிட்டால் பெரும்பாலும் வந்துவிடும். திரும்ப மாட்டும்போது இம்பாக்ட் கன் வேண்டவே வேண்டாம். 6 மில்லிமீட்டர் போல்ட்டுகளுக்குப் பல மாடல்களில் சுமார் 8 முதல் 11 நியூட்டன் மீட்டர்தான், பெரிய டார்க் ரென்ச்சில் இந்த அளவு சரியாகத் தெரியாது, சின்னது தனியாக வேண்டும்.

கிளட்ச்சைக் காற்று அடித்துச் சோதிப்பது நல்ல பழக்கம். கம்ப்ரஸரின் முழு அழுத்தத்தையும் கொடுக்காமல் 2, 3 பார் அளவுக்குக் குறைத்து, ரப்பர் முனையை அந்தக் கிளட்ச்சுக்கு ஆயில் போகும் துளையில் வைத்து அடியுங்கள். மந்தமாக ‘தொப்’ என்று கேட்டால் பிஸ்டன் வேலை செய்கிறது. காற்று சீறிக்கொண்டே இருந்தால் சீலை மறுபடி பாருங்கள்.

கடைசியாகக் கன்வெர்ட்டரை ஏற்றுவது. பம்ப் உடைவதில் பெரும்பங்கு இங்கேதான். கன்வெர்ட்டர் இன்புட் ஷாஃப்ட், ஸ்டேட்டர் ஷாஃப்ட், பம்ப் கியர் மூன்றிலும் மாட்ட வேண்டும். உள்ளே தள்ளிக்கொண்டே முன்னும் பின்னும் சுழற்றினால் ஒவ்வொன்றாக ‘டக்’ என்று விழும், அந்த விழுதல் கைக்கு நன்றாகவே தெரியும். ஒரு படி விழுந்ததும் போதும் என்று பெட்டியைத் தூக்கிவிடாதீர்கள். பெல் ஹவுசிங் விளிம்பில் ஒரு நேரான ஸ்கேலைக் குறுக்கே வைத்து அதிலிருந்து கன்வெர்ட்டரின் போல்ட் திண்டுக்கு உள்ள ஆழத்தை அளந்து, உங்கள் மாடலின் கையேட்டில் இருக்கும் அளவோடு ஒப்பிடுங்கள். பெட்டியை இன்ஜினோடு சேர்க்கும்போது இரண்டு முகமும் கையால் தள்ளினாலே ஒட்டி உட்கார வேண்டும், இடைவெளி இருக்கிறதே என்று போல்ட்டை முடுக்கி இழுத்தால் பம்ப் கியர் அப்போதே உடைந்துவிடும். சேர்ந்த பிறகு கன்வெர்ட்டரைக் கையால் சுற்றிப் பாருங்கள். ஃப்ளெக்ஸ் பிளேட்டைத் தொடாமல் லேசாகச் சுற்ற வேண்டும், சில மில்லிமீட்டர் முன்னால் இழுத்தால்தான் பிளேட்டைத் தொட வேண்டும். சுற்றவில்லை என்றால் பெல் ஹவுசிங் போல்ட்டுகளை முடுக்காமல் பெட்டியைப் பின்னால் இழுத்து, கன்வெர்ட்டரை மறுபடி உட்கார வையுங்கள்.