எரிமலை எச்சரிக்கையையும் நிலநடுக்கப் பதிவுகளையும் படிப்பது எப்படி?

எரிமலைக்கு அருகில் வசிப்பவரும் அங்கே பயணம் செல்ல இருப்பவரும் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, அந்த மலையைக் கண்காணிக்கும் பொறுப்பு எந்த அரசு அமைப்பிடம் இருக்கிறது என்பதே. ஜப்பானில் வானிலை முகமை, பிலிப்பைன்ஸில் ஃபிவோல்க்ஸ், அமெரிக்காவில் புவியியல் ஆய்வு மையம், நியூசிலாந்தில் ஜியோநெட் என ஒவ்வொரு நாட்டிலும் ஓர் அமைப்பு இந்த வேலையைச் செய்கிறது. வாட்ஸ்அப்பில் வந்து சேரும் வரைபடத்தில் வெளியிட்டவரின் பெயரும் தேதியும் இல்லையென்றால், அதைத் தயங்காமல் ஒதுக்கிவிடலாம். அறிக்கையில் உள்ள நேரம் உள்ளூர் நேரமா, உலகப் பொது நேரமா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். இதைக் கவனிக்காததால், முடிந்துபோன நிகழ்வை இனி வரப்போவதாக எண்ணிப் பதறுவோர் உண்டு.

அடுத்து எச்சரிக்கைப் படிநிலை. இங்கேதான் பலரும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள், ஏனெனில் ஒரே எண் எல்லா நாடுகளிலும் ஒரே நிலையைக் குறிப்பதில்லை. ஜப்பானில் 3ஆம் படி என்றால் மலையை நெருங்கக் கூடாது என்று பொருள். நியூசிலாந்திலோ சிறிய அளவில் வெடிப்பு நடந்துகொண்டிருக்கும்போதுதான் 3 அறிவிக்கப்படும். அமெரிக்க அறிக்கைகளில் தரையில் இருப்போருக்கு ஒரு படிநிலையும், விமானப் போக்குவரத்துக்குப் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்ற நிறக் குறியீடும் தனித்தனியே தரப்படுகின்றன. சாம்பல் அதிகம் எழாமல் எரிமலைக் குழம்பு மட்டும் குடியிருப்பை நோக்கி வழியும்போது, தரைக்கான எச்சரிக்கை உச்சத்தில் இருந்தும் விமான நிறம் சிவப்பை எட்டாமல் இருக்கலாம். ஆகவே எண்ணையோ நிறத்தையோ மட்டும் பார்க்காமல், அதற்கு நேரே எழுதியுள்ள விளக்கத்தை முழுமையாகப் படியுங்கள்.

தாழ்ந்த படிநிலை பாதுகாப்புக்கு உத்தரவாதம் அல்ல. 2014 செப்டம்பர் 27 அன்று ஜப்பானின் ஒன்டாகே மலை வெடித்தபோது அங்கு நடைமுறையில் இருந்தது மிகக் குறைந்த 1ஆம் படி. இறந்தவர்களும் காணாமல் போனவர்களுமாக 63 பேரை அந்த வெடிப்பு பலிகொண்டது. 2019 டிசம்பர் 9 அன்று நியூசிலாந்தின் வாக்காரி தீவு வெடித்தபோது படிநிலை 2ஆக இருந்தது. 22 பேர் உயிரிழந்தனர். நிலத்தடி நீர் சூடேறி நீராவியாகச் சீறும் இத்தகைய வெடிப்புகள், தெளிவான முன்னறிகுறி இல்லாமலே நிகழக்கூடியவை. எனவே வெடிப்பு வாய்க்கு அருகே செல்வதற்கு 1ஆம் படியை மட்டும் நம்பக் கூடாது என்பதே என் கருத்து.

இனி நிலநடுக்கப் பட்டியல். ஒரு வரியில் அளவு 2.1, ஆழம் 10 கி.மீ., நிலை 'தானியங்கி' என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். தானியங்கி என்றால் கணினி கணித்ததை நிபுணர் இன்னும் சரிபார்க்கவில்லை என்று பொருள். சரிபார்த்த பிறகு அளவும் இடமும் மாறலாம், அந்த வரியே நீக்கப்படவும் கூடும். ஆழம் மிகச் சரியாக 10 கி.மீ. என்று இருந்தால், அது அளந்த ஆழமாக இல்லாமல், துல்லியமாகக் கணிக்க இயலாதபோது பொதுவாக இடப்படும் எண்ணாக இருக்க வாய்ப்புண்டு. அளவு ஒரு முழு எண் கூடினால், அதாவது 2.1 என்பது 3.1 ஆனால், வெளிப்படும் ஆற்றல் சுமார் 32 மடங்கு கூடுகிறது. ஆகையால் பத்து சிறு அதிர்வுகளைக் கூட்டி ஒரு பெரிய அதிர்வுக்குச் சமமாக்க முடியாது. அதிர்வு வரைபடத்தைப் பார்க்கக் கிடைத்தால், முதலில் வரும் பி அலைக்கும் அடுத்து வரும் எஸ் அலைக்கும் இடைப்பட்ட வினாடிகளை எட்டால் பெருக்குங்கள். அதிர்வு எத்தனை கிலோமீட்டர் தொலைவில் தோன்றியது என்பது தோராயமாகத் தெரியும்.

எரிமலையைப் பொறுத்தவரை, ஒற்றை அதிர்வின் அளவைவிட அதிர்வுகளின் போக்கே முக்கியமானது. பாறை உடைவதால் வரும் கூர்மையான அதிர்வுகள், பாறைக்குழம்பும் வாயுவும் நகர்வதால் எழும் மெதுவான அதிர்வுகள், நிமிடக்கணக்காகவோ மணிக்கணக்காகவோ ஓயாமல் நீடிக்கும் நடுக்கம் என அவற்றில் வகைகள் உண்டு. அவை நாளுக்கு நாள் மேல்நோக்கி நகர்கின்றனவா, அதே காலத்தில் நிலம் உப்புகிறதா, சல்ஃபர் டை ஆக்சைடு வாயு கூடுகிறதா என்பவற்றைச் சேர்த்துப் பாருங்கள். வாயு குறைந்துவிட்டதே என்று உடனே நிம்மதி அடையவும் முடியாது. பிலிப்பைன்ஸின் பினாடுபோ மலையில் 1991 மே 13 அன்று நாளொன்றுக்கு 500 டன்னாக இருந்த அந்த வாயு, மே 28க்குள் 5,000 டன்னைத் தாண்டி, பிறகு வெகுவாகக் குறைந்தது. வாயு வெளியேறும் வழி அடைபட்டு உள்ளே அழுத்தம் ஏறுகிறதோ என்று அறிவியலாளர்கள் அஞ்சினர். ஜூன் 15 அன்று பெருவெடிப்பு நிகழ்ந்தது.

மறுபுறம், எல்லா அறிகுறிகளும் வெடிப்பில் முடிவதில்லை. இத்தாலியின் கம்பி ஃபிளெக்ரே எரிமலைப் பகுதியில் 1982க்கும் 1984க்கும் இடையே நிலம் சுமார் 1.8 மீட்டர் உயர்ந்தும் வெடிப்பு நிகழவில்லை. வேறு சில இடங்களில் வெடிப்பு தாமதமாக வரும். ஐஸ்லாந்தின் கிரிண்டாவிக் ஊரை 2023 நவம்பர் 10 அன்று காலி செய்தார்கள். வெடிப்பு வந்ததோ டிசம்பர் 18 அன்றுதான். 'இன்னும் ஒன்றும் நடக்கவில்லையே' என்று இடையில் வீடு திரும்புவது ஆபத்தானது. தடை அதிகாரபூர்வமாக நீங்கும்வரை காத்திருக்க வேண்டும்.

அபாய வரைபடத்தில் உங்கள் வீட்டைத் தேடும்போது மலைக்கும் வீட்டுக்கும் உள்ள தூரத்தை மட்டும் பார்க்காமல், மலையிலிருந்து இறங்கும் ஆற்றுப் பள்ளத்தாக்குகளையும் விரலால் தொடர்ந்து பாருங்கள். கொலம்பியாவில் 1985 நவம்பர் 13 அன்று நெவாடோ டெல் ரூயிஸ் வெடித்தபோது, உச்சியில் உருகிய பனி சேற்றுவெள்ளமாகி, 70 கி.மீ.க்கும் அப்பாலிருந்த ஆர்மேரோ நகரை சுமார் இரண்டரை மணி நேரத்தில் மூடியது. அந்த வெடிப்பில் 23,000 பேருக்கு மேல் மாண்டனர். உங்கள் பகுதி அப்படிப்பட்ட பள்ளத்தாக்கில் இருந்தால், வாகனத்தில் தொலைதூரம் செல்வதைவிட, நடந்தே எட்டக்கூடிய மேட்டை முன்கூட்டியே தேர்ந்து வைத்திருப்பது நல்லது.

சாம்பல் மட்டும் பொழியும் பகுதி என்றால் வீட்டுக்குள் இருந்து கதவு, சன்னல்களை மூடுங்கள். வெளியே போக நேர்ந்தால் என்95 முகக்கவசமும் கண்ணைச் சுற்றிலும் மூடும் கண்ணாடியும் அணியுங்கள். கான்டாக்ட் லென்ஸ் வேண்டாம். மழையில் நனைந்த சாம்பலின் எடை கூரையையே இடித்துவிடும் என்பதால் அதைச் சிறிது சிறிதாக, லேசாக நீர் தெளித்து, மண்வாரியால் அகற்றிப் பைகளில் கட்டுங்கள். கழுவி வடிகாலில் விட்டால் அது உள்ளே இறுகி அடைத்துக்கொள்ளும்.