கங்கையில் டால்பின் பார்க்கப் போகிறீர்களா?

பீகாரில் பாகல்பூர் பக்கம் கங்கை டால்பினைப் பார்க்க நினைப்பவர்கள் குளிர்காலத்தில் போங்கள், மழைக்காலத்தில் ஆறு பரந்து கிடக்கும், எங்கே என்று தேடுவீர்கள். சுல்தான்கஞ்சிலிருந்து கஹல்காவ் வரை உள்ள பகுதிதான் 1991இல் அறிவிக்கப்பட்ட விக்ரமசிலா டால்பின் சரணாலயம். கண்ணை ஆறு முழுக்க அலையவிடாமல், துணையாறு வந்து சேரும் இடம், ஆறு வளைந்து திரும்பும் ஆழமான மடு, மணல்திட்டைத் தாண்டி நீர் ஓடும் பக்கம் இவற்றைக் கவனியுங்கள். அங்கே நீர் சுழன்று வேகம் குறைவதால் மீன் கூடும், மீன் இருக்கும் இடத்துக்குத்தான் இதுவும் வரும். கடல் டால்பின் மாதிரி துள்ளிக் குதித்து வித்தை காட்டாது. மூச்சுவிட ஒரு நொடி மேலே வரும், நீண்ட மூக்கும் முதுகும் தெரியும், அவ்வளவுதான், அதனால் கேமராவைக் கீழே வைத்துவிட்டு வெறும் கண்ணால் பாருங்கள். ஓரிரு நிமிடத்தில் பெரும்பாலும் அக்கம்பக்கத்திலேயே மறுபடி தலைகாட்டும்.

முக்கியமாக, படகின் இன்ஜினை அணைக்கச் சொல்லுங்கள். கங்கை டால்பினுக்குக் கண்பார்வை ஏறக்குறைய இல்லை, ஒலி எழுப்பி அதன் எதிரொலியைக் கேட்டுத்தான் இரை தேடுகிறது, இன்ஜின் இரைச்சல் அதைக் குழப்பிவிடும். அப்புறம், மணல்திட்டில் வரித்தலை வாத்துகள் உட்கார்ந்திருந்தால் படத்துக்காகப் படகைக் கிட்டே கொண்டுபோகாதீர்கள்.