கனடா வரும் எங்கட ஆட்களுக்கு: தெரபிஸ்ட்டிடம் போகுமுன் ஒரு போன் எடுங்கள்

லீவில் வந்து மட்டக்களப்பு கல்லடியில் அம்மா வீட்டு விறாந்தையில் இருக்கிறேன். இரண்டு கிழமைக்குள் நாலு பேர் தேடி வந்துவிட்டார்கள். எல்லோரும் ஒன்ராறியோவுக்குப் புறப்படுகிறவர்கள். எந்த ஜக்கெட் வாங்குவது, மிளகாய்த்தூள் எத்தனை கிலோ கொண்டு போகலாம், பேஸ்மென்ட் வாடகை எவ்வளவு என்பதுதான் கேள்வி. களுவாஞ்சிக்குடியிலிருந்து வந்த பிள்ளை மட்டும், தாய் தேத்தண்ணி எடுக்க உள்ளே போன நேரம் பார்த்து, "அக்கா, அங்க மனசு சரியில்லாட்டி எங்க போறது?" என்று மெதுவாகக் கேட்டாள். பதில் சொல்லத் தொடங்குமுன் தாய் வந்துவிட்டார். அதனால்தான் எழுதுகிறேன்.

இங்கே எங்களுக்கு வழி தெரியும். போதனா வைத்தியசாலைக்கு விடியப் போய் நம்பர் எடுத்தால் கிளினிக்கில் பார்ப்பார்கள், காசு இல்லை. சுனாமிக்குப் பிறகு நாவலடி ஆட்கள் இருந்த முகாம்களுக்கு உளவளத்துணையாளர்கள் வந்து பக்கத்தில் இருந்து கதைத்தது எனக்கு நினைவிருக்கிறது. உங்கள் பட்டம் என்ன, பதிவு நம்பர் என்ன என்று அவர்களிடம் ஒருவரும் கேட்கவில்லை. கனடாவில் அந்தக் கேள்வியைக் கேட்காவிட்டால் உங்கள் காசு திரும்பி வராது.

முதலில் அரசாங்கப் பக்கம். தகுதி இருந்தால் இறங்கியவுடன் ஓஹிப் கார்டுக்கு, அதாவது ஒன்ராறியோ அரசாங்கத்தின் சுகாதாரக் காப்புறுதிக்கு, விண்ணப்பியுங்கள். முன்பு இருந்த மூன்று மாதக் காத்திருப்பை 2020 மார்ச்சில் எடுத்துவிட்டார்கள். குடும்ப டொக்டர் ஒருவரைப் பிடியுங்கள். அவர் கடிதம் தந்தால் மனநல டொக்டரை, அதாவது சைக்கியாட்ரிஸ்டை, ஓஹிப்பிலேயே பார்க்கலாம். ஆனால் முறை வர மாதக்கணக்காகும். கிழமைக்கு ஒரு மணித்தியாலம் இருந்து கதைக்க வேண்டுமென்றால் சைக்கோலொஜிஸ்ட், சைக்கோதெரபிஸ்ட், சமூகப் பணியாளர் என்று மூன்று வகை ஆட்கள் இருக்கிறார்கள். அவர்கள் தனியாக நடத்தும் இடங்களுக்கு ஓஹிப் காசு கொடுக்காது. வேலைத்தளத்து பெனிபிட்ஸ்தான், அதாவது வேலையோடு வரும் இன்சூரன்ஸ்தான், கொடுக்கும். அகதிக் கோரிக்கை போட்டவர்களுக்கு மத்திய அரசின் இடைக்கால சுகாதாரத் திட்டம் உண்டு. அதில் பதிந்த தெரபிஸ்ட்டாகப் பார்க்க வேண்டும், முன்கூட்டியே அனுமதியும் எடுக்க வேண்டும்.

இனி மச்சாளின் கதை. பிள்ளை பிறந்து முதல் பனிக்காலம். அண்ணா வெயர்ஹவுஸில் இரவு ஷிப்ட். ஒருநாள் நான் போனபோது மச்சாள் குசினியில் பைப்பை முழுதாகத் திறந்துவிட்டு நிற்கிறாள். சிங்கில் கழுவ ஒரு கோப்பைகூட இல்லை. அழுகிற சத்தம் பிள்ளைக்குக் கேட்கக் கூடாதென்று தண்ணீரை ஓடவிட்டிருக்கிறாள்.

நானே தேடி, தமிழ் கதைக்கும் ஒருவரைக் கண்டுபிடித்தேன். போனில் "இன்சூரன்ஸ் எடுப்பீர்களா?" என்று கேட்டேன். "ஓம், எல்லா இன்சூரன்ஸும்" என்றார்கள். ஒரு தடவைக்கு 150 டொலர், கைக்காசு. ஐந்து தடவை போனாள். முகம் தெளியத் தொடங்கியிருந்தது. பிறகு ஐந்து பற்றுச்சீட்டையும் சேர்த்து அண்ணாவின் இன்சூரன்ஸுக்கு அனுப்பினோம். ஒரு சதமும் வரவில்லை. அண்ணாவின் திட்டக் கையேட்டில் சைக்கோலொஜிஸ்ட், சமூகப் பணியாளர் என்று இரண்டு பெயர்தான் இருந்தது. பற்றுச்சீட்டில் பெயருக்குப் பின்னால் இருந்ததோ ஆர்.பி., பதிவுபெற்ற சைக்கோதெரபிஸ்ட். கிளினிக்கில் கேட்டால், பற்றுச்சீட்டு தருவோம் என்றுதான் சொன்னோம், திட்டத்தைப் பார்ப்பது உங்கள் பொறுப்பு என்கிறார்கள். எனக்கு இன்னும் ஆத்திரம் ஆறவில்லை. அந்தத் தெரபிஸ்ட் நல்லவர், முறையாகப் பதிந்தவர், அவரில் குறையில்லை. ஆனால் அந்த "ஓம்" பொய்யான ஓம்.

750 டொலரைவிடப் பெரிய நட்டம் வேறு. "என்ட கதையக் கேக்க ஒரு மாசச் சாமான் காசு போயிட்டு" என்று மச்சாள் போவதையே நிற்பாட்டிவிட்டாள். ஏழு மாதம்.

ஆகவே முதல் சந்திப்புக்கு முன் கிளினிக்கிடம் கேட்காதீர்கள், இன்சூரன்ஸிடம் கேளுங்கள். நம்பர் இன்சூரன்ஸ் கார்டின் பின்பக்கம் இருக்கும். மூன்று பட்டங்களையும் ஒவ்வொன்றாக வாசித்து இது சேருமா, இது சேருமா என்று கேளுங்கள். பயிற்சிக் காலத்தில் இருப்பவர்களின் பட்டத்தோடு குவாலிஃபையிங் என்ற சொல் வரும். அதையும் தனியாகக் கேளுங்கள். சமூகப் பணியாளருக்கு மாஸ்டர்ஸ் பட்டம் கேட்கும் திட்டங்கள் இருக்கின்றன. ஆண்டுக்கு எவ்வளவு, எத்தனை வீதம், டொக்டர் கடிதம் வேண்டுமா என்றும் கேட்டு, திகதியோடும் பதில் சொன்னவரின் பெயரோடும் எழுதி வையுங்கள். பிறகு கிளினிக்குக்கு எடுத்து, பற்றுச்சீட்டில் யாருடைய பெயர், என்ன பட்டம், என்ன பதிவு நம்பர் வரும் என்று கேளுங்கள். சைக்கோதெரபிஸ்ட்டுகளின் கல்லூரி (படிக்கும் இடமல்ல, அவர்களைப் பதிந்து கண்காணிக்கும் சபை) தன் பதிவேட்டை இணையத்தில் வைத்திருக்கிறது, பெயரைப் போட்டுப் பார்க்கலாம். முதல் பற்றுச்சீட்டைத் தனியாக அனுப்பி, காசு வந்த பிறகு மற்றவற்றைப் பாருங்கள். பில்லில் வரி போட்டிருந்தால் விடாதீர்கள். 2024 ஜூனிலிருந்து சைக்கோதெரபிக்கு எச்.எஸ்.ரி என்ற விற்பனை வரி இல்லை.

பெண்பிள்ளைகளுக்கு ஒன்று. கணவரின் திட்டத்தில் நீங்கள் இருந்தால், எங்கே போனீர்கள், எவ்வளவு கொடுத்தீர்கள் என்ற கணக்கு அவருடைய பெயருக்குத்தான் வரும். உள்ளே என்ன கதைத்தீர்கள் என்பது வராது. அவருக்குத் தெரியக் கூடாதென்றால் முதலே யோசியுங்கள்.

பெனிபிட்ஸ் இல்லாதவர்கள் குடும்ப டொக்டரிடம் ஒன்ராறியோ ஸ்ட்ரக்சர்ட் சைக்கோதெரபி என்ற அரசாங்கத் திட்டத்தைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். மனச்சோர்வு, பதற்றம் இரண்டுக்கும் இலவசம். எந்த உதவி எங்கே கிடைக்கும் என்று சொல்லும் 211 என்ற நம்பருக்கு எடுத்தால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் கேட்கலாம். உயிரை விடலாம் என்ற எண்ணம் வந்தால், எந்த இரவானாலும், 988. ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும்தான் கதைப்பார்கள், தெரிந்த இரண்டு சொல்லோடாவது எடுங்கள்.

மச்சாள் இப்போது ஒரு சமூகப் பணியாளரிடம் செவ்வாய்தோறும் போகிறாள். 80 வீதம் வருகிறது, ஆண்டுக்கு 1000 டொலர் வரை. எட்டுத் தடவையில் அது முடிந்துவிடும். அதற்குப் பிறகு வருமானத்துக்கு ஏற்ற கட்டணம் உண்டா என்று இந்த முறை அவளே கேட்டாள். உண்டாம், 80 டொலர்.