மணியாசுக் கட்டையை எப்போ கையில எடுக்கணும்?

மணியாசுக் கட்டைன்னா, பூசின சுவரைத் தேய்ச்சு நைஸ் பண்ற கைப்பிடி வச்ச மரக்கட்டை. சுவர்ப்பூச்சு வழவழன்னு வரணும்னா சிமெண்டைக் கூட்டிப் போடுன்னு பாபநாசம், கும்பகோணம் பக்கம் வீட்டுக்காரங்க சொல்லுவாங்க. கூட்டிப் போட்டா வர்றது ஹேர் கிராக்தான், அதாவது முடி மாதிரி மெல்லிசான வெடிப்பு. உள்பூச்சுக்கு 1:5 (ஒரு பங்கு சிமெண்ட், அஞ்சு பங்கு மணல்), மழை அடிக்கிற வெளிச்சுவருக்கு 1:4 போதும். சித்தாளா இருந்து கரணை பிடிக்க வர்ற தம்பிகளுக்கு நான் சொல்றது ஒண்ணுதான்: எந்தச் சாமானை எந்த நேரத்துல எடுக்கறோமோ, அதுலதான் நைஸ் இருக்கு.

மணல் பத்திச் சுருக்கமா. கல்லை உடைச்சுச் செய்யற மணல்ல, பூச்சுக்கு நைஸான பி-சாண்ட் வாங்கணும், எம்-சாண்ட் கான்கிரீட்டுக்கு. ஆத்து மணல் கிடைச்சா சலிச்சுட்டு, ஈரக் கையில தேய்ச்சுப் பாருங்க. உள்ளங்கையில சேறு ஒட்டுச்சுன்னா அந்த லோடு வேண்டாம்.

நம்ம சூளைக்கல் தண்ணி குடிக்கும். முதல் நாளே சுவரை நனைச்சிடணும். பூசும்போது ஈரம் உள்ளே இருக்கணும், மேலே மினுங்கக் கூடாது. தூண், பீம்ல பூச்சு பிடிக்கிறதுக்கு உளியால கொத்து விட்டு, செங்கல்லும் கான்கிரீட்டும் சேர்ற இடத்துல கோழிவலை அடிச்சிடுங்க.

அடுத்து தூக்குக்குண்டு விட்டு மேலயும் கீழயும் புள்ளி வைக்கணும். உடைஞ்ச டைல்ஸ் துண்டு போதும். மட்டப்பலகை (பூச்சை மட்டம் பண்ற நீளமான நேர்ப்பலகை) ரெண்டு புள்ளியிலயும் உட்கார்ற தூரம் பார்த்து வைங்க. உள்சுவருக்கு 12 மில்லிமீட்டர் கனம் கணக்கு. கல் வெளியே தள்ளியிருக்கிற இடத்துலதான் முதல் புள்ளி, இல்லேன்னா அங்க பூச்சு தோலாயிடும்.

கலவையைக் கரணையால அப்பாதீங்க, மணிக்கட்டைச் சுழட்டி வீசுங்க. வீசின கலவைதான் கல்லு இடுக்குல போய்ப் பிடிக்கும். பிறகு மட்டப்பலகையைக் கீழேருந்து மேலே, ரம்பம் இழுக்கிற மாதிரி ஆட்டிக்கிட்டே இழுங்க. பள்ளம் தெரிஞ்சா கலவை போட்டு மறுபடி இழுக்கணும். மணியாசால தேய்ச்சுப் பள்ளத்தை மறைச்சிடலாம்னு நினைக்கறவங்க சுவரை, ராத்திரி டியூப்லைட் போட்டதும் நிழல் காட்டிக் கொடுத்துடும்.

இனிமே காத்திருக்கணும். விரலால அழுத்திப் பாருங்க. லேசாப் பதியணும், விரல்ல கலவை ஒட்டக் கூடாது. அதான் நேரம். முன்னாடியே தேய்ச்சா சிமெண்ட் பால் மேலே வந்து நிக்கும், காய்ஞ்சதும் வெடிக்கும். பிந்தினா மணல் உதிரும். ஐப்பசி மழையில இதுக்கு ரொம்ப நேரம் ஆகும். சித்திரை வெயில்ல டீ குடிச்சிட்டு வர்றதுக்குள்ள இறுகிடும். அதனால கோடையில மேற்குச் சுவரைக் காலையிலயும் கிழக்குச் சுவரை மதியத்துக்கு மேலயும் எடுக்கறது என் வழக்கம்.

மணியாசுக் கட்டையை நனைச்சு, வட்டவட்டமாத் தேய்க்கணும். முன்விளிம்பு துளி தூக்கியிருக்கட்டும், இல்லேன்னா சுவரைக் கிழிக்கும். வறண்ட இடத்துல மட்டும் பிரஷ்ஷால தண்ணி தெளிங்க. முதல்ல கட்டை சதசதன்னு இழுக்கும், போகப்போக சரசரன்னு சத்தம் மாறும். சத்தம் மாறினதும் கையை எடுத்துடுங்க. அதுக்கு மேல தேய்க்கறது கைவலிக்குத்தான்.

பட்டி (பெயின்ட்டுக்கு முன்னாடி பூசற வெள்ளை மாவு) பார்க்கப் போற சுவரா இருந்தா இதோட நிறுத்துங்க. சொரசொரப்பு இருந்தாத்தான் பட்டி பிடிக்கும். சுண்ணாம்பு மட்டும் அடிக்கறதா இருந்தா இரும்புக் கரணையைச் சாய்ச்சு வச்சு ஒருதரம் மெதுவா இழுத்து விடலாம். வறட்டு சிமெண்டைத் தூவித் தேய்க்கறது மட்டும் கூடவே கூடாது. அன்னிக்குக் கண்ணாடி மாதிரி தெரியும், கொஞ்ச நாள்ல வலைவலையா வெடிக்கும்.

மறுநாள்லேருந்து 7 நாளாவது காலையும் சாயங்காலமும் தண்ணி விடணும். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் போர் தண்ணி உப்பா இருந்தா, கலவைக்கும் சேர்த்தே நல்ல தண்ணி லாரியில வாங்கிடுங்க. உப்புத் தண்ணியில பூசின சுவர்ல வெள்ளையாப் பூத்துக்கிட்டே இருக்கும், பெயின்ட் நிக்காது.