ஆக்டிவ் கேலக்ஸியும் கரும்பொருள் ஹேலோவும்: எங்கே வழுக்குகிறோம்?

கேலக்ஸியின் நடுவில் இருக்கும் ராட்சதக் கருந்துளை வாயுவை விழுங்கும்போது மையம் பளீரென்று ஒளிரும். அதுதான் ஆக்டிவ் கேலக்ஸி. ஏறக்குறைய எந்தக் கேலக்ஸியும் கண்ணுக்குத் தெரியாத கரும்பொருள் ஹேலோ ஒன்றுக்குள்தான், அதாவது அதைச் சூழ்ந்த பெரிய கரும்பொருள் திரளுக்குள்தான் இருக்கிறது. கனமான ஹேலோக்கள் அதிகமாகக் கொத்துக்கொத்தாகக் கூடும். ஆகவே கேலக்ஸிகள் எவ்வளவு நெருங்கி நிற்கின்றன என்று அளந்தே ஹேலோவின் நிறையைக் கணிக்கிறோம். கோலாலம்பூரில் இயற்பியல் படித்து, இறுதியாண்டு ஆய்வுக்கு இதை எடுக்க நினைப்பவர்கள் சில இடங்களில் கவனமாக இருக்க வேண்டும்.

பெரிய தவறு ஒப்பீட்டில்தான் நடக்கிறது. ஆக்டிவ் கேலக்ஸிகள் சராசரிக் கேலக்ஸிகளைவிட அதிகம் கூடுகின்றன என்று வந்ததுமே, “சுற்றுப்புற நெரிசல்தான் கருந்துளையைத் தூண்டிவிட்டது” என்று எழுதிவிடுவார்கள். கொஞ்சம் பொறுங்கள். விடிய விடிய விளக்கெரியும் மாமாக் உணவுக்கடைகள் நெரிசலான தாமான்களில் (குடியிருப்புப் பகுதிகளில்) தான் இருக்கின்றன. ஆனால் பெரிய கடைதான் இரவெல்லாம் திறந்திருக்கும், பெரிய கடை வைப்பதும் ஜனம் உள்ள இடத்தில்தான். பெரிய கடையைப் பெரிய கடையோடு ஒப்பிட்டால்தான் நெரிசலுக்குத் தனிப் பங்கு உண்டா என்று தெரியும். இங்கும் அப்படித்தான்: விண்மீன்களின் மொத்த நிறையும், தொலைவைக் காட்டும் சிவப்புப்பெயர்ச்சியும் ஒத்த சாதாரணக் கேலக்ஸிகளை எதிரே வையுங்கள். எக்ஸ்-கதிரில் கண்டுபிடித்தவற்றில் வேறுபாடு பெரும்பாலும் கரைந்துவிடும். ரேடியோவில் பிரகாசிப்பவை மட்டும் நிறையைச் சமன்செய்த பிறகும் கூடுதலாகவே கூடுகின்றன. அதனால் இரண்டையும் ஒரே பட்டியலில் கலக்கவே கூடாது.

அப்புறம், கிடைத்த ஒற்றை நிறை எண்ணை எல்லா ஹேலோவுக்கும் பொருத்துவது. குவாசர்களுக்கு (மிகப் பிரகாசமான ஆக்டிவ் கேலக்ஸி மையங்களுக்கு) வருவது சில லட்சம் கோடி சூரிய நிறை, அதாவது நம் பால்வெளியின் ஹேலோவைவிடச் சில மடங்கு. அது சராசரி போன்ற ஓர் அளவுதான். பெருங்கொத்துகளுக்குள் துணைக் கேலக்ஸிகளாகச் சுற்றும் சில ஆக்டிவ் கேலக்ஸிகளே அதை மேலே இழுத்துவிடும்.

கட்டுரைகளில் நிறையோடு ஒட்டி வரும் சிறிய எச்-ஐயும் (h, பிரபஞ்சம் விரியும் வேகத்தைக் குறிக்கும் எண்) பாருங்கள். அதன் மதிப்பு ஏறத்தாழ 0.7. விட்டுவிட்டால் விடை 40 சதவீதம் வரை பிசகும்.

கடைசியாக, மிக நெருங்கிய ஜோடிகள். ஸ்லோன் என்ற பெரிய வானக் கணக்கெடுப்பின் முதல் கட்டத்தில், கேலக்ஸிகளின் ஒளியைப் பிடிக்கத் துளையிட்ட அலுமினியத் தட்டில் ஒளியிழைகளைச் செருகினார்கள். ஒரே தட்டில் இரண்டு இழைகள் 55 வில்விநாடிக்குள் (ஒரு வில்விநாடி என்பது டிகிரியில் 3600-ல் ஒரு பங்கு) வர முடியாது. அதனால் பல ஜோடிகளில் ஒன்றுக்கு, தொலைவைக் கணிக்கத் தேவையான நிறமாலை கிடைக்காமல் போனது. இதைத் திருத்தாமல் சிறு தொலைவுகளில் கூடுகை குறைகிறது என்று சொன்னால், அந்தக் குறைவு தட்டின் கைவரிசை, வானத்தினுடையது இல்லை.