வாஷிங்டன் பதவியேற்பு விழாவும் கச்சேரிகளும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

2009 ஜனவரி 20 அன்று பராக் ஒபாமா பதவியேற்றதைப் பார்க்க வாஷிங்டனில் சுமார் 18 லட்சம் பேர் கூடினார்கள் என்று கணக்கிட்டார்கள். அமெரிக்காவின் முதல் கறுப்பின அதிபர் என்பதால் பாட்டி முதல் பேரப்பிள்ளை வரை குடும்பம் குடும்பமாக வந்திருந்தார்கள். அவர்களில் பெரும்பாலோருக்கு அது ஆயுளுக்கும் மறக்காத நாள். ஆனால் சில ஆயிரம் பேர், டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டே, விழா முடியும் வரை ஒரு சுரங்கச் சாலைக்குள் நின்றுவிட்டுத் திரும்பினார்கள். அடுத்த பதவியேற்பு 2029 ஜனவரி 20, சனிக்கிழமை. போகலாம் என்று நினைப்பவர்களுக்கு 2009 நல்ல பாடம்.

பல தவறுகளுக்கும் வேர் ஒன்றுதான். அரங்கில் நடக்கும் நிகழ்ச்சியைப் போல இதையும் நினைத்துவிடுகிறார்கள். சீட்டு வாங்கினோம், நேரத்துக்குப் போனோம், உட்கார்ந்து பார்த்தோம் என்பது இங்கே நடக்காது. இது திறந்த வெளியில், ஜனவரிக் குளிரில், நாள் முழுக்க நின்றும் நடந்தும் கழிக்க வேண்டிய காரியம். அதற்குத் தயாராகப் போகிறவர்களுக்குத்தான் அந்தக் கூட்டத்தின் சந்தோஷம் முழுசாகக் கிடைக்கும்.

பதவிப் பிரமாண நாளை மட்டுமே குறிவைப்பது

இதைத்தான் முதல் தவறு என்பேன். 2009-இல் பொதுமக்களுக்கு மிக நன்றாக வாய்த்தது செவ்வாய்க்கிழமைப் பதவிப் பிரமாணம் அல்ல, இரண்டு நாள் முன்பு, ஜனவரி 18 ஞாயிறன்று லிங்கன் நினைவகத்தின் முன் நடந்த இலவசக் கச்சேரிதான். புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன், ஸ்டீவி வொண்டர், பியான்சே, யு2 குழு, மேரி ஜே. பிளைஜ், கார்த் புரூக்ஸ் என்று வரிசையாகப் பாடினார்கள். கடைசியில் 89 வயது நாட்டுப்புறப் பாடகர் பீட் சீகர் மேடைக்கு வந்து எல்லோரையும் சேர்ந்து பாட வைத்தார். ஒபாமாவும் அங்கேதான் இருந்தார். மேடையேறிப் பேசவும் செய்தார். 4 லட்சம் பேர் வரை வந்ததாகச் சொல்வார்கள். செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தோடு ஒப்பிட்டால் அது நாலில் ஒரு பங்குகூட இல்லை.

லிங்கன் நினைவகத்தின் படிக்கட்டுக்கு என்று ஒரு வரலாறு இருக்கிறது. பாடகி மரியன் ஆண்டர்சனுக்கு, கறுப்பினப் பெண் என்பதால், வாஷிங்டனின் கான்ஸ்டிட்யூஷன் ஹால் அரங்கில் பாட அனுமதி மறுத்தார்கள். அவர் 1939 ஈஸ்டர் ஞாயிறன்று இதே லிங்கன் நினைவகத்தின் முன்புதான் சுமார் 75,000 பேருக்குப் பாடினார். 1963-இல் மார்ட்டின் லூதர் கிங் பேசியதும் இங்கேதான். கிங் பிறந்தநாள் விடுமுறைக்கு முந்தைய நாள், அதே இடத்தில், முதல் கறுப்பின அதிபருக்காகக் கச்சேரி. இதைத் தெரிந்துகொண்டு போய் நிற்பதும் தெரியாமல் நிற்பதும் ஒன்றல்ல. போவதற்கு முன் பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொல்லிவிடுங்கள்.

எல்லாப் பதவியேற்புக்கும் இப்படிக் கச்சேரி நடக்கும் என்று சொல்ல முடியாது. இருந்தால் அதை விடாதீர்கள், முன்வரிசைக்குப் போராடவும் வேண்டாம். மேடைக்கு அருகே உள்ள இடம் பெரும்பாலும் அழைப்பாளர்களுக்குப் போய்விடும். நினைவகத்தின் முன்னால் இருக்கும் நீள்குளத்தின் ஓரமாக, ஒரு பெரிய திரையும் ஒலிபெருக்கியும் சேர்ந்து இருக்கும் இடமாகப் பார்த்து நின்றால் பாட்டும் கேட்கும், முகமும் தெரியும். வயதான பெற்றோர் ஊரிலிருந்து வந்திருக்கிறார்கள், அவர்களையும் கூட்டிப் போக ஆசை என்றால், பதவிப் பிரமாண நாளை விட்டுவிட்டு இந்தக் கச்சேரிக்குக் கூட்டிப் போவதே நல்லது.

டிக்கெட் இருந்தால் இடம் உறுதி என்று நம்புவது

2009-இல் பதவிப் பிரமாணத்துக்கு சுமார் 2,40,000 டிக்கெட் அச்சடித்தார்கள். செனட்டர்களும் பிரதிநிதிகள் சபை உறுப்பினர்களும் தங்கள் தொகுதி மக்களுக்கு இலவசமாகக் கொடுப்பவை அவை. யாராவது விலை சொன்னால் அந்த இடத்திலேயே விலகிவிடுங்கள். உங்கள் தொகுதி உறுப்பினரின் அலுவலகத்தில் தேர்தல் முடிந்த உடனேயே, சொல்லப்போனால் அதற்கு முன்பே, கேட்டு வைப்பதுதான் ஒரே வழி. அப்படிக் கிடைத்தாலும் பெரும்பாலான டிக்கெட்டுகள் நிற்கும் இடத்துக்குத்தான், நாற்காலிக்கு அல்ல.

அந்த வருடம் டிக்கெட்டுகளை நிறம் வாரியாகப் பிரித்து, ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு வாசல் வைத்திருந்தார்கள். ஊதா டிக்கெட் வைத்திருந்த ஆயிரக்கணக்கானோரை, போக்குவரத்து நிறுத்தப்பட்டிருந்த மூன்றாம் தெரு சுரங்கச் சாலைக்குள் வரிசையில் நிற்க வைத்தார்கள். விடியுமுன் வந்தவர்களும் அதில் உண்டு. வரிசை நகரவில்லை. என்ன நடக்கிறது என்று சொல்லவும் ஆள் இல்லை. உள்ளே போன் சிக்னலும் சரியாகக் கிடைக்கவில்லை. மேலே ஒபாமா பதவியேற்றுக்கொண்டபோது அவர்கள் கீழே காத்துக்கொண்டிருந்தார்கள். பிறகு விழாக் குழு வருத்தம் தெரிவித்து, நினைவுப் பொருளாக நிகழ்ச்சி நிரலும் படங்களும் அனுப்பிவைப்பதாகச் சொன்னது. இதை நினைத்தால் இன்றைக்கும் மனசு வலிக்கிறது. தப்பு அவர்களுடையது அல்ல, கூட்டத்தை நடத்தியவர்களுடையது.

ஆனாலும் நாம் கற்றுக்கொள்ள ஒன்று இருக்கிறது. பதவிப் பிரமாணம் நடப்பது கேபிடல் என்னும் நாடாளுமன்றக் கட்டடத்தின் முன்னால். அங்கிருந்து மேற்கே லிங்கன் நினைவகம் வரை நீளும் புல்வெளிதான் நேஷனல் மால். அந்த நாளில் அது முழுவதையும் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டிருந்தார்கள். நான்காம் தெருவுக்கு மேற்கே டிக்கெட்டே தேவையில்லை. ஒரு சீட்டும் இல்லாமல் அங்கே போய் நின்றவர்கள் பெரிய திரையில் எல்லாவற்றையும் பார்த்தார்கள், பக்கத்தில் இருந்தவரைக் கட்டிப்பிடித்து அழுதார்கள். எனவே டிக்கெட் வைத்திருப்பவர்கள் தங்களுக்கென ஒரு கெடு நேரம் குறித்துக்கொள்ள வேண்டும். பத்து மணிக்கும் வரிசை அசையவில்லை என்றால், டிக்கெட்டைப் பையில் போட்டுக்கொண்டு திறந்த பகுதிக்கு நடக்கத் தொடங்கிவிடுங்கள். கையில் இருக்கும் சீட்டை விட மனசு வராது. அதை மீறித்தான் ஆக வேண்டும்.

குளிரை லேசாக எடுத்துக்கொள்வது

2009 பதவியேற்பு அன்று நண்பகலில் வெப்பநிலை மைனஸ் 2 டிகிரி செல்சியஸ். செல்லோ கலைஞர் யோ-யோ மா, வயலின் கலைஞர் இட்சாக் பெர்ல்மன் உள்ளிட்ட நால்வர் விழா மேடையில் வாசித்தார்கள். ஆனால் மக்கள் கேட்டது முன்கூட்டியே பதிவு செய்த இசையை. அந்தக் குளிரில் கருவிகளில் சுருதி நிற்காது, தந்தி அறுந்தாலும் அறுந்துவிடும் என்பதால் அப்படி ஏற்பாடு. வாத்தியத்துக்கே அந்த நிலைமை என்றால், ஆறேழு மணி நேரம் அசையாமல் நிற்கும் மனித உடம்புக்கு என்ன ஆகும்?

பலர் கனமாக ஒரே ஒரு கோட்டைப் போட்டுக்கொண்டு காலை மறந்துவிடுகிறார்கள். குளிர் தரையிலிருந்துதான் ஏறும். உள்ளே தெர்மல், மேலே இரண்டு மூன்று அடுக்கு, இரட்டைக் கம்பளிக் காலுறை, தடித்த அடிப்பாகம் உள்ள பூட்ஸ், காதை மூடும் குல்லா இதெல்லாம் அவசியம். காலுக்கடியில் போட நாலு அட்டைத் துண்டு இருந்தாலும் பெரிய வித்தியாசம் தெரியும். தெர்மாஸ் பிளாஸ்க், குடை, பேக்பேக், ஸ்ட்ரோலர் எல்லாம் டிக்கெட் பகுதியில் தடை செய்யப்பட்டிருந்தன. ஒவ்வொரு முறையும் புதுப் பட்டியல் வெளியிடுவார்கள், அதைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள். ஸ்ட்ரோலர் இல்லாமல் கைக்குழந்தையை நாள் முழுக்க வைத்திருக்க முடியுமா என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

திரும்பி வரும் வழியை யோசிக்காதது

2009 பதவியேற்பு நாள் காலையில் மெட்ரோ ரயில் 4 மணிக்கே ஓடத் தொடங்கியது. அன்று ஒரே நாளில் 11 லட்சத்துக்கும் மேற்பட்ட பயணங்கள். பக்கத்து மாநிலமான வர்ஜீனியாவிலிருந்து வரும் பாலங்களைத் தனியார் கார்களுக்கு மூடிவிட்டார்கள். மாலுக்கு மிக அருகில் இருக்கும் ஸ்மித்சோனியன் நிலையமும் மூடப்பட்டிருந்தது. வரும்போது நேரம் நம் கையில் இருக்கிறது, எப்படியோ வந்துவிடுகிறோம். சிக்கல் திரும்பும்போதுதான்.

பதவியேற்பு முடிந்ததும் பென்சில்வேனியா அவென்யூவில் ஊர்வலம். அந்தச் சாலை அடைபட்டால் நகரம் வடக்கு, தெற்கு என்று இரண்டாகப் பிரிந்துவிடும். மால் இருப்பது தெற்குப் பக்கம். நீங்கள் தங்கியிருப்பதோ வண்டியை விட்டிருப்பதோ வடக்கே என்றால், குறுக்கே கடக்க வழியில்லாமல் சுற்றிச் சுற்றி நடக்க வேண்டிவரும். அதனால் மாலில் நிற்கப் போகிறவர்கள் தெற்கே உள்ள நிலையங்களைப் பயன்படுத்தும்படி தங்குமிடத்தைத் தேர்ந்தெடுப்பது நல்லது. பேச்சு முடிந்த உடனே எல்லோரும் ஓடுவார்கள். நீங்கள் ஓடாதீர்கள். ஒரு மணி நேரம் பொறுத்துக் கிளம்பினால் அதிகம் இடிபட வேண்டியிருக்காது. மெட்ரோ அட்டையில் போக வர இரண்டுக்கும் முந்தின நாளே பணம் ஏற்றி வையுங்கள்.

போன் வேலை செய்யாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். 'பிரிந்துவிட்டால் இந்த மூலையில், இந்த மணிக்கு' என்று வீட்டிலேயே பேசிவிட வேண்டும். அழைப்பு போகாத நேரத்தில் குறுஞ்செய்தி போக வாய்ப்புண்டு.

அப்புறம் இரவு விருந்து நடனங்கள். 2009-இல் அதிகாரபூர்வமானவை 10. அதிபர் தம்பதி ஒவ்வொன்றிலும் சில நிமிடங்கள் தோன்றி, ஒரு பாட்டுக்கு ஆடிவிட்டு அடுத்த இடத்துக்குப் போய்விடுவார்கள். மாநிலச் சங்கங்களும் அமைப்புகளும் நடத்துபவை வேறு. அவற்றுக்கு நல்ல பாட்டும் கூட்டமும் உண்டு, ஆனால் அதிபர் வருவார் என்று எதிர்பார்த்து நூற்றுக்கணக்கான டாலர் கொடுக்காதீர்கள். எதற்குப் போனாலும் சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.

நிகழ்ச்சி நிரல் மாறாது என்று நம்புவது

1985-இல் ரீகனின் இரண்டாவது பதவியேற்பின்போது கடுங்குளிரால் விழாவைக் கேபிடல் கட்டடத்துக்குள் மாற்றி, ஊர்வலத்தை ரத்து செய்தார்கள். 2025-இலும் மூன்று நாள் முன்பு, வெள்ளிக்கிழமையன்று, விழா உள்ளே நடக்கும் என்று அறிவித்தார்கள். டிக்கெட் வைத்திருந்த பெரும்பாலோருக்கு அது பயனற்றுப்போனது. 2021-இல் கொரோனா பரவல், அதோடு அந்த ஜனவரி 6 அன்று கேபிடல் கட்டடத்தை ஒரு கும்பல் தாக்கியதற்குப் பிந்தைய பாதுகாப்பு. மக்களுக்குப் பதிலாக மாலில் கிட்டத்தட்ட 2 லட்சம் கொடிகளை நட்டு வைத்தார்கள். கமலா ஹாரிஸ் துணை அதிபராவதை நேரில் பார்க்க வேண்டும் என்று காத்திருந்த நம்மவர்களும் டிவியில்தான் பார்க்க முடிந்தது. அவருடைய தாத்தாவின் ஊரான துளசேந்திரபுரத்தில் பட்டாசு வெடித்து, இனிப்பு கொடுத்துக் கொண்டாடினார்கள்.

ஆகவே ரத்து செய்தால் பணம் திரும்பக் கிடைக்கும்படியே அறையும் விமானமும் பதிவு செய்யுங்கள். சனிக்கிழமைக்கு ஒரே ஒரு திட்டத்தோடு வராமல், இரண்டு மூன்று நாள் முன்னதாகவே வந்துவிடுங்கள். விழா உள்ளே போய்விட்டாலும், அதற்கு முந்தைய கச்சேரிகளும் அருங்காட்சியகங்களும் ஊர் முழுக்கக் கூடியிருக்கும் மனிதர்களும் உங்களுக்கு மிஞ்சும்.